தானியம் சேராத மது

ஒரு கேள்வி கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் நண்பர் ஒருவர் தன் வீட்டு பேஸ்மென்டில் ஸ்காட்ச் பாட்டில்களை வரிசையாக அடுக்கி, மேலே நீல விளக்கும் போட்டு வைத்திருந்தால் என்ன சொல்வீர்கள்? "செம கலெக்‌ஷன் பாஸ்" என்பீர்கள். அவருடைய மனைவி தேனையும் தண்ணீரையும் கலந்து ஒரு கண்ணாடிச் சாடியில் நொதிக்க வைத்தால் என்ன சொல்வீர்கள்?

அமெரிக்காவில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மென்ட் வளாகம் சொன்னது இது: "வசந்தாமணி வீட்டுல சாராயம் காய்ச்சறாங்களாம்." அடுப்பே பற்றவைக்காத ஒரு காரியத்துக்குக் காய்ச்சுவது என்று பெயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் பொறியியல் பட்டதாரிகள்.

வசந்தாமணி கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்தவர். ஈஸ்ட்டைப் பற்றி ஆய்வேடு எழுதி முதல் வகுப்பில் தேறியவர். கணவர் நஞ்சுண்டனின் வேலையை ஒட்டி அமெரிக்கா வந்தபோது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, இவர் இன்னாரின் மனைவி என்றது. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சம்பளத்துக்குப் பக்கத்து வீட்டு நாய்க்குச் சோறு வைக்கக்கூட அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. வருஷக்கணக்காக அப்படியே இருந்தார். நஞ்சுண்டன் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி மன்ஹாட்டன் போவார். வார இறுதி விருந்துகளில் அவருடைய சகாக்கள் வசந்தாமணியிடம் கேட்பார்கள்: "வீட்லயே இருக்கீங்களே, போர் அடிக்கலையா?" படித்த ஒருத்தியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று நலம் விசாரிக்கும் நாகரிகம் இது. இதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் சாலையோரப் பண்ணைக் கடையில் வாளியோடு தேன் விற்பதைப் பார்த்தார். வாங்கி வந்தார். ஈஸ்ட் பொட்டலமும் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியும் வந்தன. மூன்றாவது நாள் நஞ்சுண்டன் சட்டை எடுக்கத் துணி வைக்கும் அறைக்குள் போய்த் திடுக்கிட்டு வெளியே வந்தார்.

"வசந்தா, க்ளாசெட்டுக்குள்ள ஏதோ மூச்சு விடுது."

"ஈஸ்ட்டுங்க. எனக்கு வேலை குடுக்காத நாட்டுல நான் அதுக்கு வேலை குடுத்திருக்கேன்."

பிறகு சட்டம் கொஞ்சம் இளகி, வேலை அனுமதி அட்டை வந்தது. இப்போது வசந்தாமணி ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கிறார். ஆனாலும் க்ளாசெட்டில் மூச்சு நிற்கவில்லை. வீட்டு உபயோகத்துக்காகத் தேன்மது செய்துகொள்ள இங்கே சட்டம் தடுப்பதில்லை. விற்றால்தான் குற்றம். வசந்தாமணி ஒரு பாட்டில்கூட விற்றதில்லை.

செய்முறை எளிமையானது. தேன், தண்ணீர், ஈஸ்ட். சாடியின் வாயில் ஒரு வளைந்த குழாய் வைத்தால் உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. சில வாரங்கள் பொளக் பொளக்கென்று குமிழ் விட்டு அடங்கும். அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்ததை வேறு சாடிக்கு மாற்ற வேண்டும். அந்த நிலையில் குடித்துப் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். தேனின் இனிப்பை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும். மிஞ்சுவது ஒரு பூ வாசனையும் வெறும் நாக்கும்தான். அந்த வெறுமையில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் வசந்தாமணிக்குப் பைத்தியம்.

ஆரம்பத்தில் எல்லாம் தப்பாகத்தான் போயிற்று. ரசத்துக்கு இடித்துப் பழகிய கை. சீரகத்தையும் மிளகையும் நன்றாகத் தட்டி உள்ளே போட்டார். நஞ்சுண்டன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பளம் இருக்கா?" என்று கேட்டார். கிராம்பு போட்ட சாடி பல் டாக்டரின் கிளினிக் மாதிரி மணத்தது. கறிவேப்பிலை போட்டதை மகள் தென்றல் முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, திஸ் இஸ் எ க்ரைம்" என்றாள்.

மெல்ல மெல்லப் பிடிபட்டது. பழத்தை முதலிலேயே போட்டால் பொங்கி வரும் வாயு அதன் மணத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் குமிழ் அடங்கிய பிறகு போட வேண்டும். கோடையில் வாங்கிய ப்ளூபெர்ரியை ஃப்ரீசரில் உறைய வைத்து எடுத்தால் தோல் தளர்ந்து சாறு தானாக இறங்கும். பழம் பொறுமைசாலி, வாரக்கணக்கில் ஊறலாம். இலை அப்படியில்லை, ஒரு நாள் கூடினாலும் புல் வாசம் வந்துவிடும். மசாலாவோ அவசரக்காரன். இடிக்காமல் முழுசாகத் துணியில் முடிந்து நூலில் கட்டித் தொங்கவிட்டு, தினமும் ஒரு ஸ்பூன் சுவைத்து, போதும் என்று நாக்கு சொல்வதற்குச் சற்று முன்பே வெளியே இழுத்துவிட வேண்டும். குறைந்தால் மறுபடி போடலாம். கூடினால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இதே வளாகத்தில் ஊரார் கூடி முணுமுணுத்ததற்கும் குறைவில்லை, ரகசியமாகக் கேட்டு வாங்கிப் போனதற்கும் குறைவில்லை. மூங்கில் குழாயில் தேறல் என்னும் மது விளைவித்து, ஆணும் பெண்ணுமாகக் குடித்த ஒரு பழைய சமூகத்தின் வாரிசுகள் நாம். அதைப் பெருமையாக மேடையில் பேசுவோம். கோபியிலிருந்து வந்த ஒரு பெண் அதையே செய்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்வோம்.

மூக்கைப் பொத்தாதவர்களில் ராமசுப்ரமணியனும் நாகலக்ஷ்மியும் உண்டு. பக்கத்து பிளாக்கில் மகனோடு வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதி. ராமசுப்ரமணியன் வங்கியில் அதிகாரியாக இருந்தவர், வாதம் என்றால் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. நாகலக்ஷ்மி ஜன்னலோரத்தில் விளக்கு வைத்து வளர்க்கிற துளசி இந்தக் குளிரிலும் செழித்து நிற்கும். போன இலையுதிர் காலத்தில் வசந்தாமணி அதில் ஒரு கொத்து வாங்கிப் போனார். கஷாயத்துக்காக இருக்கும் என்று ஆன்ட்டி நினைத்துக்கொண்டார்.

வசந்தாமணிக்குக் கோயில் பழக்கம் கிடையாது. ஆனால் பெருமாள் கோயில் தீர்த்தத்தின் மணம் பிடிக்கும். துளசி, ஏலக்காய், கடுகளவு பச்சைக் கற்பூரம். பக்தி இல்லாத மூக்குக்கும் அது நல்ல மணம்தான். சமையலுக்கான பச்சைக் கற்பூரத்தை ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையிலிருந்து நஞ்சுண்டன் வாங்கி வந்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் சுவை பார்க்க மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜையில் ப்ளூபெர்ரி, மாம்பழமும் இஞ்சியும், தீர்த்தம் என்று மூன்று சாடிகள். அந்தத் தம்பதியும், வளாகத்துத் தமிழர் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் திருமூர்த்தியும் வந்திருந்தார்கள்.

"அங்கிள், இன்னிக்கு ஏகாதசின்னு ஆன்ட்டி சொன்னாங்க. உங்களுக்கு வேண்டாம்தானுங்க?" என்றார் வசந்தாமணி.

"அவசரப்படாதே. ஏகாதசிக்கு என்ன கூடாது? தானியம் கூடாது. பீர், பார்லி. விஸ்கி, பார்லி. ரெண்டும் அவுட். இதுல என்ன இருக்கு, சொல்லு."

"தேன், தண்ணி, துளசி, ஏலக்காய், பச்சைக் கற்பூரம்."

"தானியம் எங்கே?"

"இல்லைங்க அங்கிள்."

"பின்னே என்ன? இது பஞ்சாமிர்தத்துக்குத் தங்கை முறை. ஊத்து."

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றார் நாகலக்ஷ்மி. "அதுல கிடக்கறது என் பெருமாள் துளசி!"

"அந்த தைரியத்துலதான் குடிக்கறேன்."

பேப்பர் கப்பை உதட்டில் படாமல் தூக்கி இரண்டு மடக்கு ஊற்றிக்கொண்டார். பழக்கதோஷத்தில், ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். அறை முழுக்கச் சிரிப்பு. வசந்தாமணியும் விழுந்து விழுந்து சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ராமசுப்ரமணியன் வங்கியில் நடந்த ஏதோ ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவில் நின்றுவிட்டார். விட்ட இடம் தெரியவில்லை. நாக்கு குழறியது. ஜன்னல் திறந்திருந்த அறையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. எழுந்திருக்கப் பார்த்துச் சோபாவில் சரிந்தார்.

"அங்கிளுக்கு ஏறிடுச்சு டோய்!" திருமூர்த்தி போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

வசந்தாமணி சிரிக்கவில்லை. ஆய்வகத்தில் வேலை செய்கிறவருக்கு முதலில் தோன்றுவது அளவு. இரண்டு மடக்குக்கு ஒரு வளர்ந்த மனிதர் இப்படிச் சரிய மாட்டார். அப்படியானால் இது போதையில்லை. போதை இல்லையென்றால் வேறென்ன? சாமிக்கு ஏற்றுகிற கற்பூரம் விஷம், உள்ளே போனால் வலிப்பே வரும். நஞ்சுண்டன் வாங்கி வந்தது எது?

"தென்றல்! கிச்சன்ல அந்தக் கற்பூர டப்பால என்ன போட்டிருக்கு, படி!"

"எடிபிள்னு இருக்கும்மா. ஃபார் குக்கிங். வாட் ஹேப்பன்ட்?"

ஒரு பயம் போனது. அதற்குள் திருமூர்த்தி அடுத்ததைக் கிளப்பிவிட்டார்.

"மெத்தனால்! ஊர்ல கொத்துக் கொத்தா சாகறாங்களே, அதேதான். வீட்ல போடற சரக்குன்னா சும்மாவா?"

இதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் தேனோ பழமோ ஈஸ்ட்டோ இல்லை. ஆலைக்கென்று இருக்கிற மெத்தனாலைக் காசு ஆசையில் எவனோ கலக்கிறான், கூலிக்காரர்கள் சாகிறார்கள், விற்றவனைப் பிடிக்க வேண்டியவர்கள் செத்தவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பெருங்கொலையைக் கொண்டுவந்து ஒரு பெண்ணின் சாடிக்குள் போடுவதற்குத் திருமூர்த்திக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். நஞ்சுண்டன் மாம்பழச் சாடியைச் சிங்க்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "போலீஸ் வந்தா என்ன பண்றது வசந்தா? க்ரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. எல்லாத்தையும் ஊத்திடறேன்."

"ஒரு சொட்டு ஊத்தக்கூடாதுங்க. நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா, என்ன தப்புன்னு டாக்டருக்குத் தெரியோணும். மொதல்ல 911 கூப்பிட்டு ஆம்புலன்ஸ் சொல்லுங்க."

வசந்தாமணி நாகலக்ஷ்மியின் தோளைப் பிடித்தார்.

"ஆன்ட்டி, அங்கிள் காலைல என்ன சாப்பிட்டார்?"

"ஏகாதசிம்மா. நேத்து ராத்திரியும் பாதி வயிறு. காலம்பற துளசி ஜலம், அவ்வளவுதான்."

"அங்கிளுக்கு சுகர்னு சொல்லுவீங்களே, அந்த மாத்திரை?"

"அது போட்டுண்டார். மாத்திரைய விட முடியுமா?"

வசந்தாமணிக்குப் புரிந்துவிட்டது. மாத்திரை ஒரு பக்கம் சர்க்கரையை இறக்குகிறது. விரதம் இன்னொரு பக்கம் ஏற விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் போன மதுவும் தன் பங்குக்கு இழுத்திருக்கும். வேர்வை, குழறல், தள்ளாட்டம் எல்லாம் போதை மாதிரியே தெரியும். மூலையில் இருந்த தேன் வாளியை நோக்கி ஓடினார். ஒரு டம்ளர் தண்ணீரில் தேனைக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு வந்தார்.

நாகலக்ஷ்மி குறுக்கே கையை நீட்டினார். "என்ன பண்றே? சுகர் பேஷண்ட்டுக்குத் தேனா? இருபது வருஷமா காப்பிக்குச் சக்கரை போட்டதில்ல நான்!"

"கொல்லப் பாக்கறீங்களா?" என்றார் திருமூர்த்தி, வீடியோவை நிறுத்தாமலே.

"இப்ப அவருக்கு சுகர் கூடலைங்க ஆன்ட்டி, இறங்கிக் கிடக்குது. நான் நினைச்சது தப்பா இருந்தா இந்தத் தேனால பெருசா கெட்டுப்போறது ஒண்ணுமில்ல. சரியா இருந்து நாம குடுக்காம விட்டா, திரும்பி வர மாட்டார்."

நாகலக்ஷ்மி ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். கையை இறக்கினார். ஆனால் ராமசுப்ரமணியன் வாயைத் திறக்கவில்லை. அரை மயக்கத்திலும் தலையை அசைத்து, "ஏகா… தசி…" என்றார்.

"தேனுங்க அங்கிள்," என்று வசந்தாமணி அவர் காதருகே குனிந்து கத்தினார். "தானியமே இல்லைங்க!"

வாய் திறந்தது. முதல் ஸ்பூனை விழுங்கினார். விழுங்க முடிகிறது என்று தெரிந்ததும் அடுத்தது. அதற்கடுத்தது. நாகலக்ஷ்மி தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டம்ளர் பாதியானபோது ராமசுப்ரமணியனின் கண்கள் அறையைச் சுற்றிப் பார்த்து ஒரு இடத்தில் நிலைத்தன. திருமூர்த்தியின் போனைக் காட்டி, "இவன் என்னத்துக்கு என்னைப் படம் பிடிக்கறான்?" என்றார்.

நாகலக்ஷ்மி விசும்பி விசும்பி அழுதார். வசந்தாமணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வந்தது போலீஸ்காரர். நஞ்சுண்டன் இரண்டு கையையும் அவருக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். போலீஸ்காரர் மேஜையில் மிஞ்சிய சாடிகளைப் பார்த்தார், என்ன இது என்றார். தேன்மது என்றாள் தென்றல். "ப்ளூபெர்ரியா? என் மாமாவும் போடுவார், ஆனால் இவ்வளவு தெளிவாக வராது" என்று சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ்காரர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ராமசுப்ரமணியனின் விரலில் குத்திப் பார்த்தபோது, அத்தனை தேனுக்குப் பிறகும் சர்க்கரை இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. குத்திய பெண் டம்ளரைப் பார்த்து, யார் கொடுத்தது என்று கேட்டார். வசந்தாமணி கையை உயர்த்தினார், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாரபட்சமில்லாமல் எல்லாரையும் திட்டினார். இந்த வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடக்கக் கூடாது என்று ராமசுப்ரமணியனை. டாக்டரிடம் கேட்காமல் விரதத்துக்குத் துணை போனதற்காக நாகலக்ஷ்மியை. வெறும் வயிற்றுக்காரருக்கு மது ஊற்றியதற்காக வசந்தாமணியை. மது பாதிப்பைக் கூட்டியது, ஆரம்பித்தது மாத்திரையும் பட்டினியும் என்றார். ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டும், மாத்திரை உடம்பை விட்டுப் போக நேரமாகும் என்று வைத்துக்கொண்டார்.

இதற்குள் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பே வந்துவிட்டிருந்தது. திருமூர்த்தியின் வீடியோ, அதன் கீழே "நம் வளாகத்தில் விஷச் சாராயம், ஜாக்கிரதை". கைகூப்பிய பொம்மைகள். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று மூன்று பேர். ஆஸ்பத்திரி நாற்காலியில் நாகலக்ஷ்மி அதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒலிச் செய்தி பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினார்.

"நான் நாகலக்ஷ்மி பேசறேன். மாத்திரையைப் போட்டுண்டு பட்டினி கிடந்தது எங்காத்துக்காரர். அதுக்குத் துணை போனது நான். நெனவு தப்பற நேரத்துல என்னன்னு கண்டுபிடிச்சுக் காப்பாத்தினது வசந்தா. அந்த நேரத்துல சினிமா எடுத்தது திருமூர்த்தி. இதுல யாரைக் குரூப்பை விட்டு எடுக்கணுமோ நீங்களே எடுங்கோ."

வசந்தாமணி வெளியே வந்து பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தார். நஞ்சுண்டன் இயந்திரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார். மதியத்திலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மாம்பழத்தை ஊத்திட்டேன் வசந்தா. பயந்துட்டேன்."

"முழுசுமாங்க?"

"முழுசும்."

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிப்ஸைத் துகள் மிச்சமில்லாமல் தின்றார்கள்.

க்ளாசெட்டில் இப்போது புதிதாக நெல்லிக்காய் ஊறுகிறது. யாருக்கு ஊற்றினாலும் வசந்தாமணி முதலில் தட்டில் இட்லியை வைக்கிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார். கேள்வி பிடிக்காதவர்களுக்குக் கப் கிடையாது. ராமசுப்ரமணியன் டாக்டரிடம் போய், விரத நாளுக்கென்று மாத்திரையை மாற்றி எழுதி வாங்கி வந்திருக்கிறார். பழமும் பாலும் சாப்பிட்டால் ஏகாதசி கெடாது என்று தானே ஒரு வாதமும் கண்டுபிடித்துவிட்டார். தேன்மது ஏகாதசிக்கு ஆகுமா என்ற வழக்கு மட்டும் நாகலக்ஷ்மியின் சந்நிதியில் தள்ளுபடியானது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அப்பாவோ, மாமியாரோ, ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பாவோ, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு சஷ்டிக்கும் சனிக்கிழமைக்கும் வயிற்றைக் காயப்போடுகிறவர். அவருடைய நம்பிக்கையோடு நான் இங்கே சண்டை போட வரவில்லை, அதை வேறு நாள் வைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அவருக்கு போன் பண்ணுங்கள். "விரத நாளில் எந்த மாத்திரையை எவ்வளவு போடச் சொன்னார் டாக்டர்?" என்று கேளுங்கள். "கேக்கலை" என்று பதில் வந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டவும் குறைக்கவும் வேண்டாம். அடுத்த விரதம் வருவதற்குள் அவரை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.